ஒரு சர்வர், நான்கு விதப் பயனர்கள்: யாருக்கு எப்படி நிறுவுவது?

வாசகர் கடிதம், சுருக்கமாக

இந்த வாசகர் ஓர் ஆய்வுத் துறையில் ஆய்வு மாணவர். கம்ப்யூட்டரில் கொஞ்சம் கைதேர்ந்தவர் என்பதால் துறையின் மென்பொருள் பொறுப்பு முழுவதும் அவர் தலையில் விழுந்திருக்கிறது. இரண்டு வாரத்தில் 40 முதலாண்டு மாணவர்களுக்குப் பைத்தான் வகுப்பு தொடங்குகிறது. எல்லோரும் சொந்த லேப்டாப் கொண்டுவருவார்கள். பெரும்பாலும் விண்டோஸ், மீதி மேக். துறையில் உபுண்டு 24.04 ஓடும் ஒரு சர்வரும் அதில் இரண்டு என்விடியா ஜிபியுவும் இருக்கின்றன. அதை ஆறு ஆய்வாளர்கள் பங்கிட்டுக்கொள்கிறார்கள். அவர்களில் இருவர் ஃபோர்ட்ரான் கலந்த சொந்தப் பைத்தான் பேக்கேஜ் எழுதுகிறார்கள். வேறு இருவர் வெளியே உள்ள பொதுக் கிளஸ்டரில் (பல மெஷின்களை இணைத்த தொகுதியில்) குரோமாக்ஸ் வைத்து மூலக்கூறு இயக்கக் கணக்குகள் ஓட்டுகிறார்கள்.

சென்ற மாதம் சர்வரில், பைத்தான் பேக்கேஜ்களைக் கொண்டுவரும் கருவியான பிப் நிறுவ மறுத்தபோது, திரையில் தெரிந்த 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' விருப்பத்தை யாரோ சூடோவோடு (நிர்வாகி உரிமையோடு) சேர்த்து ஓட்டிவிட்டார். அன்றிலிருந்து இணையச் சான்றிதழைப் புதுப்பிக்கும் சர்ட்பாட் ஓடவில்லை; அது தரும் பிழைச்செய்தியையும் அனுப்பியிருக்கிறார். பேராசிரியரோ, "எல்லாருக்கும் ஒரே முறை இருக்கட்டும், இல்லாவிட்டால் குழப்பம்தான்" என்கிறார். வாசகரின் திட்டம் இது: எல்லாவற்றையும் மூலநிரலிலிருந்து கம்பைல் செய்து பொது ஃபோல்டரில் வைப்பது, அதுதான் வேகம் என்று அவர் நினைக்கிறார். அது முடியாவிட்டால் எல்லாருக்கும் ஒரே டாக்கர் இமேஜ் (மென்பொருளையும் அதற்குத் தேவையானதையும் ஒன்றாகக் கட்டிய பொதி; ஓடும்போது அதன் பெயர் கன்டெய்னர்). அதுவும் சரிப்படாவிட்டால் ஆறு பேருக்கும் சூடோ உரிமை. இவற்றில் எந்த முறை சிறந்தது என்பது அவர் கேள்வி. பைத்தான் பேக்கேஜ்களைத் தரும் அனகோண்டா இலவசமா இல்லையா என்ற சந்தேகமும் அவருக்கு உண்டு.

பதில்

எந்த முறை சிறந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்வியைச் சற்று ஒதுக்கிவைத்து, ஒவ்வொரு குழுவையும் பற்றி இரண்டு விஷயங்களை யோசியுங்கள். இவர் எதை அடிக்கடி மாற்றுவார்? கெட்டுப்போனால் சரிசெய்யப் போவது யார்? மாணவர் எதையும் மாற்ற மாட்டார். கெட்டால் உங்களைத்தான் தேடி வருவார். ஆய்வாளர் வாரத்துக்கு ஒன்று புதிதாக நிறுவுவார். கெட்டதை அவரே அழித்துவிட்டு அரைமணியில் திரும்பக் கட்ட முடிய வேண்டும். நிரல் எழுதுபவர் மென்பொருளையே தினமும் மாற்றுகிறார். கிளஸ்டரில் சரிசெய்பவர்கள் அதன் நிர்வாகிகள். அவர்கள் போட்டு வைத்ததை விட்டு விலகினால் பிறகு அவர்களாலும் உதவ முடியாது.

பேராசிரியர் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. பேக்கேஜ்கள் வரும் இடம் ஒன்றாக, காண்டா-ஃபோர்ஜாக (காண்டா என்ற நிறுவும் கருவிக்கான இலவசக் களஞ்சியம்), இருக்கட்டும். எதை நிறுவினோம் என்று எழுதிவைக்கும் கோப்பின் வடிவமும் ஒன்றாக இருக்கட்டும். பயனர் கைக்கு அது போய்ச் சேரும் வழிதான் வேறு வேறு. அவரிடம் இப்படிச் சொன்னால் ஒத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

முதலில் சர்வரைச் சரிசெய்யுங்கள்

உபுண்டுவோடு வரும் பைத்தானை நம்பி இயங்குதளத்தின் சொந்தக் கருவிகள் பல ஓடுகின்றன. அதில் மற்றவர் கைவைக்கக் கூடாது என்பதற்காகத்தான், பெப் 668 என்ற பைத்தான் விதிப்படி, டெபியன் 12 முதலும் உபுண்டு 23.04 முதலும் பிப் அங்கே எழுத மறுக்கிறது. அந்த மறுப்பைப் பலர் பிப்பின் கோளாறாக எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் சர்வரிலும் அதுதான் நடந்திருக்கிறது.

உள்ளே நடந்தது இவ்வளவுதான். சூடோவோடு ஓட்டிய பிப், கோப்புகளை /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப்/பைத்தான்3.12/டிஸ்ட்-பேக்கேஜஸ் என்ற ஃபோல்டரில் போட்டிருக்கும். உபுண்டுவின் சொந்த நிறுவும் கருவியான ஆப்ட் வழியாக வந்தவை /யூஎஸ்ஆர்/லிப்/பைத்தான்3/டிஸ்ட்-பேக்கேஜஸ் ஃபோல்டரில் அப்படியே இருக்கின்றன. பைத்தான் தேடும் வரிசையில் லோக்கல்தான் முன்னால். ஆகவே பிப் கொண்டுவந்த புதிய கிரிப்டோகிராஃபி பேக்கேஜை, ஆப்ட் வைத்த பழைய பைஓபன்எஸ்எஸ்எல் (சர்ட்பாட் நம்பியிருக்கும் பேக்கேஜ்) எடுத்துப் பயன்படுத்தப் பார்க்கிறது. இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை. 'லிப்' மாட்யூலில் இன்ன பெயர் இல்லை என்று நீங்கள் அனுப்பிய பிழைச்செய்தி சொல்வதும் இதைத்தான்.

நல்ல செய்தி, பழைய கோப்புகள் போய்விடவில்லை. பிப் லிஸ்ட் கட்டளைக்கு 'பாத்' விருப்பத்தில் அந்த லோக்கல் ஃபோல்டரைக் கொடுத்து, வரும் பட்டியலைச் சேமியுங்கள். பிறகு ஃபோல்டரின் பெயரின் பின்னால் 'பழையது' என்று ஒட்டி மாற்றிவிட்டு, அதே இடத்தில் அதே பெயரில் காலி ஃபோல்டர் ஒன்றை உருவாக்குங்கள். சர்ட்பாட்டை 'டிரை-ரன்' விருப்பத்தோடு ஒருமுறை ஒத்திகை பாருங்கள். ஓடிவிட்டால் வேலை முடிந்தது. /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் ஃபோல்டரில் பிப் விட்டுச்சென்ற சிறு ஸ்கிரிப்டுகள் இருக்கலாம், அவற்றையும் ஒதுக்கிவையுங்கள். யாருடைய நிரலாவது இதற்குப் பிறகு நின்றுபோனால், அவருக்குத் தேவையான பேக்கேஜ் அந்தப் பட்டியலில் இருக்கும். அதை அவருடைய சொந்தச் சூழலில் (பைத்தானும் பேக்கேஜ்களும் தனியாக இருக்கும் ஃபோல்டரில்) நிறுவிக்கொள்ளச் சொல்லுங்கள்.

சூடோவும் டாக்கரும்

ஆறு பேருக்குச் சூடோ வேண்டாம். கீழே நான் சொல்லப்போகும் எதற்கும் அது தேவைப்படாது. டாக்கர் பாதுகாப்பானது என்று நினைத்து எல்லாரையும் டாக்கர் குழுவில் சேர்ப்பதும் சூடோ கொடுப்பதும் ஒன்றுதான்: அந்தக் குழுவில் உள்ளவர் சர்வரின் முழு வட்டையும் கன்டெய்னருக்குள் மவுன்ட் செய்து (இணைத்து), ரூட்டாக (முழு நிர்வாகியாக) நின்று எந்தக் கோப்பையும் மாற்றலாம். கன்டெய்னர் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு, கிளஸ்டர் பகுதியில் வருகிறேன்.

40 மாணவர்கள்

சொந்த லேப்டாப்பில் நிறுவச் சொல்லி முதல் வகுப்பைத் தொடங்காதீர்கள். ஒருவருடைய விண்டோஸ் பயனர் பெயரில் இடைவெளி இருக்கும், இன்னொருவருடையதில் ஆங்கிலம் அல்லாத எழுத்து இருக்கும். நிறுவும் பாதையிலும் அவை வருவதால் நிறுவல் அங்கேயே தடுக்கும். ஒருவர் ஆப்பிள் சிப் உள்ள மேகில் பழைய இன்டெல் பதிப்பை இறக்கியிருப்பார். ரொசெட்டா என்ற மேக்கின் மாற்றித்தரும் கருவி வழியாக அது ஓடவும் செய்யும், ஆனால் மெதுவாக; பிளாட்ஃபார்ம் மாட்யூலில் மெஷின் என்று கேட்டால் 'ஆர்ம்64' வர வேண்டிய இடத்தில் 'எக்ஸ்86_64' வரும். முதல் இரண்டு மணி நேரமும் இதிலேயே போய்விடும். பைத்தான் பக்கமே போயிருக்க மாட்டீர்கள்.

பிரவுசரிலேயே பைத்தான் நோட்புக் ஓட்ட வழிசெய்யும் 'தி லிட்டிலஸ்ட் ஜூபிட்டர்ஹப்' உங்களுக்குப் பொருந்தும். 100 பயனர் வரைக்குமான வகுப்புகளை மனதில் வைத்துச் செய்தது. மாணவர் பிரவுசரைத் திறந்து லாகின் செய்தால் போதும். நீங்கள் நிர்வாகியாக ஒரே இடத்தில் நம்பை, சைபை (எண்கணக்கு), மேட்பிளாட்லிப் (வரைபடம்) நிறுவினால் 40 பேருக்கும் அதுவே தெரியும். ஆனால் இதை ஆய்வாளர்களின் சர்வரில் போடாதீர்கள். தனியாக, புதிதாக நிறுவிய உபுண்டு மெஷினோ விர்ச்சுவல் மெஷினோ வேண்டும். நினைவகக் கணக்கு எளிது: ஒரே நேரத்தில் இருப்பவர்கள் எண்ணிக்கையை ஒருவருக்கான உச்ச அளவால் பெருக்கி, 128 எம்பி கூட்டுங்கள். 40 பேருக்குத் தலா 1 ஜிபி என்றால் 40 ஜிபிக்குச் சற்று மேல். அந்த 1 ஜிபி வரம்பை அமைப்பிலும் எழுதிவிடுங்கள். இல்லையென்றால் முடிவில்லாத லூப்பில் லிஸ்டை வளர்த்துக்கொண்டே போகும் ஒரு மாணவர் மற்ற 39 பேரையும் சேர்த்து முடக்கிவிடுவார். இன்னொன்று, சும்மா இருக்கும் செஷனை அது இயல்பாக 10 நிமிடத்தில் மூடிவிடும். கோப்பு போகாது, நினைவில் இருந்த மாறிகள் போய்விடும். வகுப்பின் நடுவே நீங்கள் கரும்பலகையில் கால்மணி நேரம் விளக்குவதாக இருந்தால் அந்த நேரத்தைக் கூட்டிவையுங்கள்.

வீட்டில் பயிற்சி செய்ய விரும்புபவர்களுக்கு மினிஃபோர்ஜ், அதாவது காண்டா-ஃபோர்ஜிலிருந்தே எடுக்கும்படி அமைத்த காண்டா. அட்மின் உரிமை இல்லாமலே சொந்த ஃபோல்டரில் நிறுவலாம். பாதையில் இடைவெளி இருக்கக் கூடாது, ஒன்டிரைவ் ஒத்திசைக்கும் ஃபோல்டருக்குள்ளும் வேண்டாம். 'பாத்தில் சேர்' என்ற கட்டத்தை டிக் செய்யாமல் விடுங்கள், மினிஃபோர்ஜ் பிராம்ப்ட்டைத் திறந்து பயன்படுத்தினால் போதும். மாணவருக்குக் கொடுக்கும் சூழல் கோப்பை நீங்களே கையால் எழுதுங்கள்: பைத்தான் 3.12, நம்பை, சைபை, பாண்டாஸ், மேட்பிளாட்லிப், ஜூபிட்டர்லேப், அவ்வளவே. சேனல் (பேக்கேஜ் வரும் இடம்) காண்டா-ஃபோர்ஜ், அடுத்த வரியில் 'நோடிஃபால்ட்ஸ்'. உங்கள் லினக்ஸ் சர்வரிலிருந்து முழுதாக ஏற்றுமதி செய்த கோப்பை அப்படியே அனுப்பினால் விண்டோஸில் ஏறாது. அதில் லினக்ஸுக்கே உரிய பில்ட் குறியீடுகளும், விண்டோஸில் இல்லாத பேக்கேஜ்களும் இருக்கும்.

அனகோண்டா பற்றி: காண்டா என்ற கருவி திறந்த மூலம், இலவசம். 2020-இல் அனகோண்டா நிறுவனம் விதியை மாற்றியது அதன் 'டிஃபால்ட்ஸ்' சேனலுக்கு; 200 பேருக்கு மேல் உள்ள நிறுவனங்கள் அதற்குக் கட்டண உரிமம் எடுக்க வேண்டும் என்றார்கள். கற்பித்தலுக்குச் சலுகைகள் இருந்தாலும், ஆய்வு அதில் எந்த அளவுக்கு அடங்கும் என்று நீங்களாக ஊகித்து முடிவெடுக்க வேண்டாம். அனகோண்டாவின் சிறு வடிவமான மினிகாண்டாவில் காண்டா-ஃபோர்ஜைச் சேர்த்துவிட்டால் தப்பித்தோம் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: டிஃபால்ட்ஸும் பட்டியலில் கூடவே இருக்கும், அங்கிருந்தும் பேக்கேஜ் வரும். மினிஃபோர்ஜில் அந்தச் சிக்கல் எழாது.

சர்வரில் ஆய்வாளர்கள்

மினிஃபோர்ஜை உங்கள் பெயரில் ஒரு பொது ஃபோல்டரில் நிறுவி, மற்றவர்களுக்குப் படிக்கும் உரிமை மட்டும் கொடுங்கள். அங்கே எழுத முடியாதபோது காண்டா தானாகவே அவரவர் ஹோமில் (சொந்த ஃபோல்டரில்) சூழலை உருவாக்கும். காண்டாவோடு வரும் 'பேஸ்' சூழலில் யாரும் எதையும் நிறுவக் கூடாது. ஒரு திட்டத்துக்கு ஒரு சூழல். காண்டாவில் கிடைப்பதை எல்லாம் முதலில் நிறுவி, கிடைக்காததை மட்டும் கடைசியில் பிப்பால் போட வேண்டும். பிப் போட்ட பிறகு அதே சூழலில் காண்டா அப்டேட் ஓட்டாமல், கோப்பைத் திருத்திச் சூழலைப் புதிதாகக் கட்டச் சொல்லுங்கள். பிப் மாற்றியதைக் காண்டா கணக்கில் வைப்பதில்லை, அதனால்தான்.

உங்களிடம் அடிக்கடி வரப்போகும் ஒரு புகாரை இப்போதே சொல்லிவைக்கிறேன். "காண்டா லிஸ்ட்டில் நம்பை 2 என்று காட்டுகிறது, இம்போர்ட் செய்தால் 1.26 என்கிறது." எப்போதோ 'யூசர்' விருப்பத்தோடு பிப் ஓட்டியதால் ஹோமின் மறைவான '.லோக்கல்' ஃபோல்டரில் பழைய நம்பை உட்கார்ந்திருக்கும். பைத்தானின் பதிப்பு ஒத்துப்போனால் காண்டா சூழலும் அதை எடுத்துக்கொள்ளும். பைத்தானோடு வரும் வீஎன்வி சூழல் என்றால் எடுக்காது, இரண்டுக்கும் இது ஒரு வேறுபாடு. நம்பையை இம்போர்ட் செய்து அதன் '__ஃபைல்__' மதிப்பை அச்சிட்டால் பாதையிலேயே குட்டு வெளிப்படும். பைத்தான்நோயூசர்சைட் என்ற சூழல் மாறியை 1 என்று வைத்தால் அந்த ஃபோல்டர் கண்ணிலேயே படாது.

இதன் உறவுக்காரப் பிழை இன்னொன்று. நம்பை 2.0, 2024 ஜூனில் வந்தபோது உள் அமைப்பு மாறியது. பழைய நம்பைக்காகக் கம்பைல் செய்த பேக்கேஜைப் புதியதோடு ஓட்டினால், "டீடைப் அளவு மாறியிருக்கிறது, 96 எதிர்பார்த்தோம், 88 கிடைத்தது" என்று நின்றுவிடும். உங்கள் தரவில் குற்றமில்லை. இரண்டில் ஒன்று வேறு காலத்தது, அவ்வளவுதான். ஒவ்வொன்றாக மறுநிறுவல் செய்து பார்ப்பதைவிடச் சூழலைத் திரும்பக் கட்டுவது சீக்கிரம் முடியும்.

ஜிபியு விஷயத்தில் உங்கள் பொறுப்பு டிரைவரோடு முடிகிறது. பைடார்ச் போன்றவை தமக்கு வேண்டிய கூடா (என்விடியாவின் ஜிபியு கணக்கு) நூலகங்களைச் சூழலுக்குள்ளேயே கொண்டுவருகின்றன. சர்வர் முழுவதற்கும் கூடா டூல்கிட் நிறுவத் தேவையில்லை. என்விடியா-எஸ்எம்ஐ கட்டளை காட்டும் கூடா எண், அந்த டிரைவர் தாங்கும் உச்ச பதிப்பு. நிறுவப்பட்டிருப்பது அதுதான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒருநாள் காலையில் திடீரென்று டிரைவர் பதிப்பும் லைப்ரரி பதிப்பும் பொருந்தவில்லை என்று வந்தால், இரவில் தானியங்கிப் புதுப்பிப்பு டிரைவர் கோப்புகளை மாற்றியிருக்கிறது, கெர்னலில் பழைய மாட்யூல்தான் இன்னும் ஓடுகிறது. ரீபூட் செய்தால் சரியாகும். ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கம்பைல் செய்தால் வேகமா?

சில மென்பொருளுக்கு ஆம், பலவற்றுக்கு இல்லை. நம்பையின் தயார்நிலைப் பேக்கேஜோடு ஓபன்பிளாஸ் என்ற மேட்ரிக்ஸ் கணக்கு நூலகமும் வருகிறது. ஓடும்போது செயலி எது என்று பார்த்து அதற்கேற்ற நிரல்பகுதியை அதுவே தேர்ந்தெடுக்கும். நீங்கள் இரண்டு நாள் செலவழித்துக் கம்பைல் செய்தாலும் மேட்ரிக்ஸ் பெருக்கலில் பெரிதாக ஒன்றும் மிச்சமாகாது. குரோமாக்ஸ் அப்படியில்லை. செயலியின் வேகக் கட்டளைத் தொகுதிகளில் (எஸ்ஐஎம்டி) ஏவிஎக்ஸ்2 வேண்டுமா, ஏவிஎக்ஸ்-512 வேண்டுமா என்பது கம்பைல் செய்யும்போதே முடிவாகிவிடும். அங்கே உழைப்புக்குப் பலன் உண்டு. ஓடத் தொடங்கியதும் லாக் கோப்பின் மேல்பகுதியில் எந்த எஸ்ஐஎம்டி என்று எழுதும். உங்கள் செயலிக்கு அது பொருந்தாவிட்டால் எச்சரிக்கையும் தரும்.

ஆறு பேர் பங்கிடும் சர்வரில் வேகம் போகும் இடம் பெரும்பாலும் வேறு. 64 கோர் உள்ள மெஷினில் ஒவ்வொருவருடைய நம்பையும் 64 த்ரெட்டை (இணையாக ஓடும் கிளையை) திறந்தால், எல்லாரும் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு நிற்பார்கள். த்ரெட் எண்ணிக்கைக்கு வரம்பிடும் ஓஎம்பி_நம்_த்ரெட்ஸ் மாறியை 8 என்று வைத்துப் பாருங்கள். கம்பைலில் தேடிய வேகம் அங்கே கிடைக்கலாம்.

ஃபோர்ட்ரான் எழுதும் இருவர்

இவர்களுக்கு மட்டும் கம்பைலர் அன்றாடத் தேவை. காண்டா சூழலுக்குள் வேலை செய்தால் கம்பைலரும் காண்டா-ஃபோர்ஜிலிருந்தே வரட்டும். 'கம்பைலர்ஸ்' என்ற பேக்கேஜ் சி, சி++, ஃபோர்ட்ரான் மூன்றையும் தரும். சர்வரின் ஃபோர்ட்ரான் கம்பைலரான ஜிஃபோர்ட்ரானையும் காண்டாவின் நூலகங்களையும் கலந்தால், இணைக்கும்போது சத்தமில்லாமல் போய், ஓடும்போது 'ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ் இன்ன பதிப்பு இல்லை' என்று விழும். பேக்கேஜின் செட்டப் கோப்பு நம்பை டிஸ்ட்யூட்டில்ஸை (நம்பையின் பழைய கட்டும் கருவியை) நம்பியிருக்கிறதா என்று கேளுங்கள். பைத்தான் 3.12 முதல் அது கிடையாது. புதிய கட்டும் கருவிகளான மெசான்-பைத்தானுக்கோ சைகிட்-பில்ட்-கோருக்கோ மாறும்வரை இவர்களுடைய சூழல் மட்டும் 3.11-இல் இருக்கட்டும். சைபையே 2022-இல் 1.9 பதிப்பில் மெசானுக்கு மாறியது, வழிகாட்டுதலுக்கு அதன் பில்ட் கோப்புகளைப் பார்க்கலாம். மெசான்-பைத்தானில் எடிட்டபிள் முறையில் (நிரலைத் திருத்தினால் மறுநிறுவல் வேண்டாதபடி) நிறுவும்போது 'நோ பில்ட் ஐசொலேஷன்' விருப்பத்தை மறக்க வேண்டாம்.

கிளஸ்டரில் குரோமாக்ஸ்

நிர்வாகிகள் 'மாட்யூல்' ஆக (ஒரு கட்டளையால் லோட் செய்யும் தயார்நிலைத் தொகுப்பாக) வைத்திருக்கும் குரோமாக்ஸையே லோட் செய்யச் சொல்லுங்கள். அது அந்த மெஷின்களின் இன்டர்கனெக்டுக்கும் (மெஷின்களை இணைக்கும் பிணையம்) ஷெட்யூலருக்கும் (வேலைகளைப் பங்கிடும் நிரல்) பொருந்தும் எம்பிஐயோடு (பிராசஸ்கள் பேசிக்கொள்ள உதவும் நூலகம்) கட்டப்பட்டது. வேறு எம்பிஐயோடு கட்டியதைக் கொண்டுபோய் 64 பிராசஸில் ஓட்டினால், ஒவ்வொரு பிராசஸும் 'நான் ஒருவன்தான், என் எண் 0' என்று நினைத்துக்கொள்ளும். ஒரே கணக்கு 64 முறை ஓடி, அந்த அறுபத்துநான்கும் ஒரே கோப்பில் எழுதும். பிழைச்செய்தி வராமலும் போகலாம். லாகில் எம்பிஐ பிராசஸ் எண்ணிக்கை 1 என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

வேண்டிய பதிப்பு மாட்யூலில் இல்லையென்றால் நிர்வாகிகளிடம் கேட்பது முதல் வழி. மென்பொருளைக் கட்டித்தரும் கருவிகளான ஸ்பாக்கோ ஈஸிபில்டோ வைத்திருப்பார்கள், அவர்களுக்கு அது சிறிய வேலை. தானே கட்டுவதானால், லாகின் நோடில் (முதலில் நுழையும் மெஷினில்) 'நேட்டிவ்' விருப்பத்தோடு (அதன் செயலிக்கே ஏற்றபடி) கம்பைல் செய்யக் கூடாது. கணக்கு ஓடும் நோடில் பழைய செயலி இருந்தால் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' என்று அங்கேயே நின்றுவிடும்.

பைத்தான் சூழலையும் கிளஸ்டருக்குக் கொண்டுபோக வேண்டிவந்தால் கன்டெய்னரை அங்கே யோசிக்கலாம். ஒரு காண்டா சூழலில் பல்லாயிரம் சிறு கோப்புகள். ஹோமில் கோப்பு எண்ணிக்கைக்கான வரம்பை அது சீக்கிரம் தின்றுவிடும், லஸ்டர் போன்ற பகிர்வு வட்டில் ஒவ்வொரு இம்போர்ட்டும் ஊர்ந்து செல்லும். ஆப்டெய்னர் என்ற கன்டெய்னர் கருவியில் அத்தனையும் ஒரே எஸ்ஐஎஃப் கோப்பாகிவிடும், ஓட்ட ரூட் உரிமையும் வேண்டாம். இதன் பழைய பெயர் சிங்குலாரிட்டி. 2021-இல் லினக்ஸ் ஃபவுண்டேஷனுக்குப் போனபோது பெயர் மாறியது. டாக்கர் இமேஜை இதற்கு மாற்றிக்கொள்ளலாம், ஜிபியு தேவையானால் 'என்வி' விருப்பத்தைச் சேர்க்க வேண்டும். பல நோடுகளில் ஓடும் எம்பிஐ வேலையைக் கன்டெய்னருக்குள் வைத்தால் மேலே சொன்ன பொருத்தச் சிக்கல் அப்படியே திரும்பி வரும். குரோமாக்ஸ் மாட்யூலிலேயே இருக்கட்டும் என்று சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

கட்டுரைக்காக ஓட்டிய கணக்குகளுக்கு மட்டும், காண்டா லிஸ்ட்டை 'எக்ஸ்ப்ளிசிட்' விருப்பத்தோடு எடுத்து முடிவுகளோடு சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பேக்கேஜும் எந்த முகவரியிலிருந்து வந்தது என்பதுவரை அதில் இருக்கும். ஆனால் பிப்பால் போட்டவை அதில் வராது, அவற்றுக்கு பிப் ஃபிரீஸ் தனியாக வேண்டும்.

இரண்டு வாரத்தில் இவ்வளவும் முடியாது. இந்த வாரம் சர்ட்பாட்டையும் ஜூபிட்டர்ஹப்பையும் முடியுங்கள். வகுப்புக்கு இரண்டு நாள் முன்பு நான்கைந்து மாணவர்களை ஒரே நேரத்தில் லாகின் செய்யச் சொல்லி, அதில் ஒருவரை வேண்டுமென்றே நினைவகத்தை நிரப்பச் சொல்லுங்கள். மற்றவர்கள் நோட்புக் அசையாமல் ஓடினால் வரம்பு வேலை செய்கிறது. பெயர் மாற்றிவைத்த அந்தப் பழைய டிஸ்ட்-பேக்கேஜஸ் ஃபோல்டரை ஒரு மாதம் அப்படியே விட்டுவையுங்கள். யாரும் தேடி வராவிட்டால் அழித்துவிடலாம்.